மதியம் ஒன்றரைக்கு வரும் சமையல்காரர்

மாட்ரிட்டுக்கு வந்த புதிதில் குளிரைக்கூடச் சமாளித்துவிட்டேன். சாப்பாட்டு நேரம்தான் படுத்தியது. இங்கே மதியச் சாப்பாடு இரண்டரை, மூன்று மணிக்கு. ராத்திரிக்கு ஒன்பதரை, பத்து. திருநெல்வேலியில் பன்னிரண்டரைக்கெல்லாம் இலை போட்டுப் பழகிய வயிறு ஒரு மணிக்கே கத்த ஆரம்பித்துவிடும். வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றால் அந்த நேரத்துக்கு உணவகங்களில் மேசை விரிப்பைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள். பசியோடு டிவியைத் திருகிக்கொண்டிருந்த அப்படி ஒரு மதியத்தில்தான் கார்லோஸ் அர்கிஞானோ எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

ஸ்பெயினில் அவரைத் தெரியாத ஆள் இருக்க முடியாது. வடக்கே பாஸ்க் பகுதிக்காரர், 1948இல் பிறந்தவர், சராவுத்ஸ் கடற்கரையில் சொந்த உணவகம். 1991இல் அரசுத் தொலைக்காட்சியில் தினச் சமையலை ஆரம்பித்தவர், சானல் மாறி, 2010இலிருந்து ஆன்டெனா 3இல் வருகிறார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பழைய பாட்டு ஒன்றை இழுப்பார். நடுவில் கடி ஜோக் சொல்லி, தானே முதலில் சிரித்தும் விடுவார். கடைசியில் தட்டின் மேல் ஒரு கொத்து பார்ஸ்லி. மீனா, பருப்பா, முட்டையா என்ற பேதமே கிடையாது, எல்லாவற்றுக்கும் பார்ஸ்லிதான். நாம் கொத்தமல்லித்தழை தூவுவதற்காவது ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

குடியிருப்பு அட்டை, நகராட்சிப் பதிவு, வங்கிக் கணக்கு என்று அலைந்த கதையெல்லாம் வெளிநாடு போன எல்லோரிடமும் இருக்கிறது, அதை விடுங்கள். மொழிதான் பெரிய பாடு. வகுப்பில் விமான நிலையத்தில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் விமான நிலையத்திலா குடியிருக்கிறேன்? எனக்கு மீன் வாங்கத் தெரிய வேண்டும். அர்கிஞானோவிடம் என்ன வசதி என்றால், செய்வதைச் சொல்லுவார், சொல்வதைச் செய்வார். 'பொடியாக நறுக்கு', 'நிறம் மாறாமல் வதக்கு', 'தீயைக் குறை' எல்லாம் கண் முன்னே நடப்பதால் அகராதியைத் தேட வேண்டியதில்லை. காது கேளாதவர்களுக்காகத் திரையில் ஓடும் எழுத்து வசதியை, டெலிடெக்ஸ்ட்டில் 888 என்று அடித்துப் போட்டுக்கொள்வேன். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றாக வரும். ஜோக்குகள் மட்டும் ரொம்ப நாள் பிடிபடவில்லை. பிடிபட்டதும், முன்னமே பரவாயில்லை என்று தோன்றியது.

மாஸ்டர்செஃப் நிகழ்ச்சியும் இங்கே 2013இலிருந்து ஓடுகிறது. கடிகாரம், ஓட்டம், கண்ணீர். புதிதாக வந்தவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். ஓடுகிற சமையலைப் பார்த்து யாரும் சமைக்கப் பழக முடியாது.

என்னை அசரவைத்தது மிளகாய். நமக்கு வற்றல் என்றாலே காரம்தான். இவர்கள் நிறத்துக்கும் வாசனைக்கும் என்றே மிளகாய் வைத்திருக்கிறார்கள். எஸ்த்ரமதுரா பக்கம் லா வேராவில் ஓக் விறகுப் புகையில் இரண்டு வாரம் போல உலர்த்தி, பொடித்துச் சின்னத் தகர டப்பாவில் அடைத்து விற்கும் பிமென்தோன் பொடியில் இனிப்பு, இரண்டுங்கெட்டான், காரம் என்று மூன்று வகை. அதை எண்ணெயில் போடும்போது சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று அவர் தலைப்பாடாகச் சொல்வார், இல்லாவிட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும். பிறகுதான் பாஸ்க் சமையலின் சோரிசேரோ மிளகாயைப் பார்த்தேன். காய்ந்ததை வெந்நீரில் ஊறவைத்துப் பிளந்து, தோலின் உட்பக்கத்தைக் கத்தி முனையால் வழிக்கிறார்கள். செங்கல் நிறத்தில் கொஞ்சம் விழுது வரும். காரம் துளியும் இல்லை. தோலும் விதையும் குப்பைக்கு! அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அப்புறம் எதுக்கு அது மிளகாய்?" என்று கேட்டாள்.

அந்த விழுது சேருகிற மர்மிதாக்கோதான் நான் முதலில் முழுசாகப் படித்துக்கொண்ட சமையல். மீனவர்கள் படகிலேயே செய்துவந்த சூரை மீன், உருளைக்கிழங்குக் குழம்பு. கோடையில் வடக்குக் கடலில் போனிதோ சூரை பிடிபடும் காலத்தில் செய்வது. உருளைக்கிழங்கை முழுசாக நறுக்கக் கூடாது. கத்தியைப் பாதி வரை இறக்கி, மீதியை முறித்தெடுக்க வேண்டும். 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். முறிந்த பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் மாவுச்சத்து இறங்கிக் குழம்பு தானாகவே கெட்டிப்படும். தேங்காய் அரைக்கிற வேலையே இல்லை.

மீன் வாங்கப் பக்கத்துச் சந்தைக்குப் போனேன். இங்கே கடை முன்னால் வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கொரு பக்கம் நின்றிருப்பார்கள். வருகிறவர் 'கடைசி யார்?' என்று கேட்க வேண்டும், ஒருவர் கை தூக்குவார், அவருக்கு அடுத்தது நாம். என் முறை வந்ததும் மர்மிதாக்கோவுக்குப் போனிதோ வேண்டும் என்றேன். கடைக்காரர் முள்ளும் தோலும் நீக்கிப் பெரிய துண்டாகப் போடட்டுமா என்றார். எனக்குப் பின்னால் நின்ற பாட்டி, யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்தார். அர்கிஞானோ என்றதுதான் தாமதம், கடையே இரண்டாகப் பிரிந்தது. மீனைக் கடைசியில் போட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும், இருக்கிற சூட்டிலேயே வெந்துவிடும் என்று பாட்டி. இரண்டு கொதி வராமல் எப்படி என்று இன்னொரு அம்மாள். கடைக்காரர் பாட்டி கட்சி. அந்த ஊருக்கு வந்து, யாரோ என்னோடு முகவரி கேட்காமல், படிவம் நீட்டாமல் பேசிய முதல் பேச்சு அது. பாட்டி சொன்னபடிதான் செய்தேன். மீன் உள்ளே இளஞ்சிவப்பு மாறாமல் பஞ்சாக இருந்தது. காரமான கயேன் மிளகாய் ஒன்றும் கிள்ளிப் போட்டேன் என்பதைப் பாட்டியிடம் சொல்லவில்லை.

சமையலிலிருந்து ஊர் சுற்றும் ஆசை வந்தது. நடிகர்கள் இமானோல் அரியாஸும் ஹுவான் எச்சனோவேயும் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடும் தொடர் ஒன்று 2010இல் அரசுத் தொலைக்காட்சியில் வந்தது. அதையும் தேடிப் பார்த்தோம். கிதாரும் காளையும்தான் ஸ்பெயின் என்று நினைத்து வந்தவர்களுக்கு மழை, பசும்புல், ஆப்பிள் தோட்டம் என்று கிடக்கிற வடக்கு வேறு நாடாகவே தெரியும். பாஸ்க் கடற்கரை நகரமான சான் செபாஸ்தியானுக்கு ஜனவரியில் போகலாம் என்று முடிவு செய்தோம். 20ஆம் தேதி அங்கே தம்போர்ராதா, ஊர் முழுக்க முரசு கொட்டும் திருவிழா.

முதல் நாள் பகலில் சின்ன ரயிலில் சராவுத்ஸ் போய், அங்கிருந்து கடலை ஒட்டிய பாதையில் கெத்தாரியாவுக்கு நடந்தோம். உலகைச் சுற்றி முடித்து 1522இல் கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்த எல்கானோ பிறந்த ஊர். தெருவோரத்திலேயே கரி அடுப்பு, அதில் கம்பி வலைக்குள் முழுசாக வாட்டும் தட்டை மீன். எண்ணெய், உப்பு, கொஞ்சம் வினிகர், அவ்வளவுதான். மசாலா ஏதும் இல்லையே என்று யோசித்தவர் துடுப்போரத்துச் சதையைக் கையாலேயே எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். என் கணவரைத்தான் சொல்கிறேன்.

சான் செபாஸ்தியானில் சமையலுக்கென்றே சங்கங்கள் உண்டு. உறுப்பினரிடம் சாவி இருக்கும். வந்து சமைத்துச் சாப்பிட்டு, எடுத்த சாமானுக்குக் கணக்கெழுதிக் காசு வைத்துவிட்டுப் போவார்கள். பரம்பரையாக ஆண்கள் மட்டும். பெண்கள் விருந்தாளியாக வரலாம், அடுப்படிக்குள் மட்டும் விடமாட்டார்கள். இப்போது பல இடங்களில் மாறியிருக்கிறது. சிரிப்பு வந்தது, நம் ஊர்க் கல்யாணச் சமையலும் ஆண்கள் ராஜ்ஜியம்தானே.

இந்தச் சங்கங்களும் தம்போர்ராதாவில் இறங்குகின்றன. இரவு பன்னிரண்டுக்குப் பழைய ஊரின் சதுக்கத்தில் கொடி ஏறியதும் முரசு ஆரம்பித்தது. ஒரு பக்கம் நெப்போலியன் காலத்துச் சிப்பாய் உடை. மறுபக்கம் வெள்ளைத் தொப்பி, ஏப்ரன் கட்டிய சமையல்காரர்கள். முரசும் மரப்பீப்பாயும் கேள்வி பதிலாக அடிக்கின்றன. நீரூற்றில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள், கொட்டிக்கொண்டு போன சிப்பாய்களைக் கேலி செய்து குடத்தில் தாளம் போட்டதில் தொடங்கியது என்று கதை. அந்த ஊர் இசையமைப்பாளர் சர்ரியேகி 1861இல் இசையமைத்த அணிவகுப்புப் பாட்டைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வரி பிசகாமல் பாடினார்கள். வில்லடிக்கு ஆடிய ஊரிலிருந்து வந்தவளுக்குக் கால் சும்மா இருக்குமா?

போகிறவர்களுக்கு ஒன்று. கொட்டு 24 மணி நேரமும் ஓயாது, ஆகவே தூக்கம் வேண்டுமென்றால் பழைய ஊருக்குள் அறை எடுக்காதீர்கள். அன்றிரவு விலாங்குக் குஞ்சு சாப்பிடுவது வழக்கம்; விலை கேட்டால் மயக்கம் வரும். மீன் விழுதில் அதே மாதிரி செய்த நகல் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பூண்டும் மிளகாயும் எண்ணெயில் பொரிய, மண்சட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். அதையே கேளுங்கள், ரொட்டி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்.