ரத்தத்துல ஒரு பழைய வழித்தடம்

ஹெபடைடிஸ் பி-ன்னா மஞ்சக்காமாலை அவ்ளோதான்னு நெனச்சிட்டு இருந்தேன், நேத்து நைட்டு ஆஸ்திரேலியா கதைய படிச்சு தூக்கமே போச்சுங்க.

1963ல அமெரிக்க விஞ்ஞானி ப்ளம்பர்க்கோட லேப்ல, அடிக்கடி ரத்தம் ஏத்திக்கிட்ட ஒரு ஹீமோஃபிலியா (ரத்தம் சரியா உறையாத நோய்) பேஷன்ட்டோட சீரத்தையும் (ரத்தத்துல தெளிஞ்சு நிக்கிற நீர்) ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடிக்காரரோட சீரத்தையும் ஜெல்லுல பக்கத்துல பக்கத்துல விட்டிருக்காங்க, நடுவுல மெல்லிசா ஒரு கோடு விழுந்துச்சு, அதான் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’, அது ஹெபடைடிஸ் பி வைரஸோட மேல்பக்கத்துப் புரதம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. 1976ல ப்ளம்பர்க்குக்கு நோபல், ரத்தம் குடுத்த மனுசனுக்கு என்ன கெடச்சுதோ!

அப்புறம் இந்த வைரஸோட ஜீன் வரிசைய பாத்தா ஆஸ்திரேலியாவோட வடக்குப் பக்கத்து பழங்குடி மக்கள்கிட்ட இருக்கிறது சி4ங்கிற தனி ரகம், வேற எந்த நாட்டு மக்கள்கிட்டயும் இப்படி பரவலா இல்ல. வெள்ளைக்காரன் கப்பல்ல வந்த சரக்கு இல்லயாம், பல ஆயிரம் வருசம் முன்னாடி முன்னோர்களோடவே வந்து, அம்மாகிட்டருந்து புள்ளைக்குன்னு கைமாறிக்கிட்டே இருந்திருக்குங்கிறாங்க.