காய்ப்பு ஓய்ந்த மிளகாய்ச் செடியைப் பிடுங்காதீர்கள்

உறைபனி படாத இடத்தில் மிளகாய்ச் செடி பல ஆண்டுகள் வாழும். அடித்தண்டு மரம்போல் கெட்டிப்படும். வயலில் ஒவ்வொரு பருவத்துக்கும் புது நாற்று நடக் காரணம், முதல் சில மாதக் காய்ப்புக்குப் பிறகு விளைச்சல் குறைவதும் பழைய செடியில் பூச்சியும் நோயும் பெருகுவதும்தான். நாலைந்து தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எல்லாவற்றையும் வைத்துக் காப்பாற்றவும் வேண்டாம். குடைமிளகாயை ஆண்டுப் பயிராகவே நடுங்கள். மறுகாய்ப்பில் காய் சிறுத்துவிடும். காந்தாரி, ஹபநேரோ (மிகக் காரமான வெளிநாட்டு மிளகாய்) வகைகள் வேறு. முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரம், காய் பழுக்கப் பல மாதம். இவற்றைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி, மறுபடி துளிர்க்கவிட்டால் அந்தக் காத்திருப்பு மிச்சம்.

வெட்டுமுன் இலையைப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் (மைட்). இரண்டும் கவாத்தோடு வேப்பெண்ணெய்க் கரைசலும் தெளித்தால் பெரும்பாலும் கட்டுப்படும். இலை சிறுத்து, நரம்பு வெளிறி, செடியே குட்டையாகி நின்றால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள்.

கடும் வெயில் காலத்தில் கவாத்து செய்யாதீர்கள். தண்டு இரண்டாகப் பிரியும் கவட்டைக்கு மேலே, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணு இருக்கும்படி, கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டால் துடைப்பது அவசியம். முற்றிய செடியில் நாலைந்து இலையாவது விட்டுவைப்பது நல்லது, வெறும் கட்டையிலிருந்து துளிர் வரத் தயங்கும். வேர் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தால் வெளிப்புறத்தில் கால் பங்கை நறுக்கிவிட்டு, 15 முதல் 20 லிட்டர் தொட்டியில் மண், மட்கிய உரம், தென்னை நார்க்கழிவு சம அளவு கலந்து நடுங்கள்.

செடிகள் அதிகம் சாவது இதற்குப் பிறகுதான். இலை குறைந்த செடி அதிகம் தண்ணீரை இழுக்காது. பழைய பழக்கத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகே ஊற்றுங்கள். உரமும், துளிர் ஒரு அங்குலம் வளர்ந்த பின்தான்.

முதலில் வரும் பூக்களைக் கிள்ளிவிட்டால் கிளை பரவும். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலோ இரவில் 15-க்குக் கீழே போனாலோ பூ உதிரும். அப்போது உரத்தைக் கூட்டிப் பயனில்லை. குளிர் நாடுகளில், இரவு வெப்பம் 10 டிகிரிக்கு இறங்குமுன் தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

ஒரு மாதமாகியும் துளிர் இல்லையா? தண்டின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சையாக இருந்தால் காத்திருக்கலாம். அடிவரை பழுப்பாகவே இருந்தால் தொட்டியைக் காலி செய்யலாம்.