வீட்டுக்குள் ஒரு டெபியன் கிடங்கு
எங்கள் வீட்டில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகள் நான்கு. ஒரே கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) புதுப்பிப்பை நான்கும் தனித்தனியாக இணையத்திலிருந்து இறக்குவதைப் பார்த்துச் சலித்துப்போய், பழைய மடிக்கணினி ஒன்றில் ஒருமுறை இறக்கியதைச் சேமித்து மற்ற கணினிகளுக்கும் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை நிறுவினேன். டெபியனின் மென்பொருள்கள் இருக்கும் முழுக் களஞ்சியத்தையும் நகலெடுக்க நூற்றுக்கணக்கான ஜிபி வேண்டும். அதில் பெரும்பகுதியை நாங்கள் தொடக்கூட மாட்டோம் என்பதால், கேட்டதை மட்டும் சேமித்து வைக்கும் இந்த வழியே போதும். மற்ற கணினிகளில் மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் என்ற கருவிக்கு ப்ராக்ஸியாக (இடையில் நின்று இறக்கித் தரும் கணினியாக) மடிக்கணினியின் முகவரியையும் 3142 என்ற போர்ட் (இணைப்பு வாயில்) எண்ணையும் ஒரே வரியில் குறித்தேன். மறையாக்கம் செய்யப்பட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பு வழியே வருவதை இது இயல்பாகச் சேமிக்காது. ஆகவே களஞ்சிய முகவரிகளை மறையாக்கம் இல்லாத எச்டிடிபிக்கு மாற்றினேன். களஞ்சியத்தின் டிஜிட்டல் கையொப்பத்தை ஆப்ட் தானே சரிபார்த்துவிடுவதால் அதில் எனக்கு அச்சமில்லை. மடிக்கணினியை அணைத்துவிட்டு ஊருக்குப் போன வாரத்தில்தான் சிக்கல்: ப்ராக்ஸி கிடைக்காததால் வீட்டில் எந்தக் கணினியும் புதுப்பிக்க மறுத்துவிட்டது.