கழிவிலிருந்து கலவை எரிபொருள்: ஈரமும் குளோரினும் கவனம்

மரத்தூள், எண்ணெய்த் தொட்டியின் அடிக்கசடு, கிழிந்த பாலித்தீன் உறை. தனித்தனியே எடுத்தால் உலைக்காரர் யாரும் விரும்பாத சரக்கு. மரத்தூள் ஈரமாக வரும், கசடு குழாயை அடைக்கும், பாலித்தீன் பக்கென்று எரிந்து அடங்கிவிடும். மூன்றையும் முறையாகக் கலந்தால் நல்ல எரிபொருள் கிடைக்கும். வெப்ப மதிப்பு, அதாவது ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் சூடு, எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நேற்றைய லோடுக்கும் இன்றைய லோடுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. உலைக்கு விடும் காற்றின் அளவும் எரிபொருள் ஊட்டும் வேகமும் ஒரு மதிப்பை நம்பி வைக்கப்பட்டிருக்கும். சரக்கு மாறினால் கார்பன் மோனாக்சைடு எகிறும், இல்லையென்றால் உலை குளிரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழுக்க உலர்ந்த மரத்தூள் கிலோவுக்குச் சுமார் 18.5 மெகாஜூல் தரும். அதிலுள்ள ஒவ்வொரு கிலோ நீரும் ஆவியாகப் போகும்போது ஏறத்தாழ 2.44 மெகாஜூலை எடுத்துக்கொண்டு போகும். ஆக, 20 சதவீத ஈரமுள்ள தூளின் மதிப்பு 14.3, ஈரம் 40 சதவீதமானால் 10.1. கசடு 20, அழுக்கோடு வரும் பாலித்தீன் 40 என்று வைத்துக்கொள்வோம். தூள் 65, கசடு 20, பாலித்தீன் 15 என்ற விகிதத்தில் 19.3 மெகாஜூல் வரும். தூள் மழையில் நனைந்து ஈரம் 40 ஆனால், அதே விகிதம், அதே எடை, மதிப்பு மட்டும் 16.6. சூட்டில் 14 சதவீதம் காணாமல் போயிருக்கும். அதனால் மரத்தூளுக்குக் கூரை போடுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும், புது இயந்திரம் அல்ல.

மரத்தூளின் ஈரத்தை 105 டிகிரி அடுப்பில், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி அளக்கலாம். கசடுக்கு இந்த முறை வேண்டாம். அதிலுள்ள கரைப்பானும் சேர்ந்து ஆவியாவதால் நீர் அதிகம் என்று தவறாகக் காட்டும். அடுப்புக்குள் தீப்பிடிக்கவும் கூடும். கசடின் நீரை டீன்-ஸ்டார்க் காய்ச்சி வடித்தல் முறையில், அதாவது கரைப்பானோடு கொதிக்கவைத்து ஆவியாகி வரும் நீரைத் தனியே பிடித்து, அளப்பதே சரி.

அடுத்து குளோரின். கலப்பில்லாத பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின். நூறு கிலோ கலவையில் ஒரே ஒரு கிலோ பிவிசி நுழைந்தாலும் குளோரின் 0.57 சதவீதமாகிவிடும். பாய்லரின் சூடான குழாய்களை அரிப்பது இதுதான். புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு மெதுவாகக் குளிரும் இடத்தில் டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகவும் இதுவே காரணம். பிரித்தெடுக்க எளிய வழி உண்டு: பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் நீரில் மிதக்கும், பிவிசி மூழ்கும். சந்தேகமான துண்டை, காற்றோட்டமான இடத்தில், பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியால் தொட்டு, கம்பியை மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அந்தத் துண்டு வேண்டாம். அலுமினியப் பூச்சுள்ள உறையையும் தள்ளிவிடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகி, உலையின் கம்பித்தட்டின் காற்றுத் துளைகளில் உறைந்துகொள்ளும்.

கலக்கும் வரிசையில்தான் பலர் கெடுக்கிறார்கள். கசடை முதலில் கொட்டி அதன்மேல் தூளைப் போட்டால் உருண்டை உருண்டையாகத் திரளும். வெளியே தூள், உள்ளே எண்ணெய். தூளை முதலில் பரப்பி, கசடை மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தவணைக்கும் நன்றாகப் புரட்டுங்கள். ஊறவிட்டபின் ஒரு பிடி எடுத்துக் கையுறையோடு பிழியுங்கள். எண்ணெய் சொட்டினால் தூள் போதாது. பாலித்தீன் கடைசியில், 30 மில்லிமீட்டருக்குள் நறுக்கியபின் சேர வேண்டும். நீள நாடாவாக விட்டால் எரிபொருளை உலைக்குள் தள்ளும் திருகுத் தண்டில் சுற்றிக்கொள்ளும். தளர்வாகக் கொண்டு போனால் வழியிலேயே தூள் அடியிலும் உறை மேலுமாகப் பிரிந்துவிடும், செய்த கலவையெல்லாம் வீண். தூரம் போக வேண்டிய சரக்கை அழுத்திக் கட்டியாக்கிவிடுவது நல்லது.

கரைப்பான் வாசனையுள்ள பெயின்ட் கசடை நைட்ரஜன் போர்வை (தீப்பிடிக்காதபடி காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புவது) இல்லாத வெட்டு இயந்திரத்தில் போடவே கூடாது. ஒரு பொறி போதும்.

குவியல் தானாகச் சூடேறுவதைப் பலர் நம்புவதில்லை. எண்ணெய் ஊறிய தூளில் காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் நடந்துகொண்டே இருக்கும்; ஆளி விதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களில் இது மிக வேகம். குவியல் பெரிதானால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. நீண்ட கம்பி வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகி தினமும் பாருங்கள். 60 டிகிரியைத் தாண்டி ஏறினால் தண்ணீர்க் குழாயைத் தயாராக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பரப்ப வேண்டும். ஒரேயடியாகக் கிளறினால் உள்ளே கனன்றது காற்றுப் பட்டதும் தீயாகும்.

இந்தக் கலவை சாதாரண அடுப்புக்கானதல்ல. கழிவு எரிப்புக்கான ஐரோப்பிய விதி, புகை 850 டிகிரியில் குறைந்தது 2 விநாடி இருக்க வேண்டும் என்கிறது. குளோரின் போன்ற ஹாலஜன் கொண்ட கரிமப் பொருள் 1 சதவீதத்துக்கு மேலுள்ள அபாயக் கழிவுக்கு 1100 டிகிரி. சிமென்ட் சூளை இதற்குப் பொருத்தம், சாம்பலும் கிளிங்கரோடு (சிமென்டாக அரைக்கப்படும் கட்டி) சேர்ந்துவிடும். ஆனால் பாதரசம் அங்கும் ஆவியாகிப் புகையோடு போகும். குழல் விளக்கும் பேட்டரியும் எந்தச் சூளைக்கும் வேண்டாம்.

தொடங்கும்போது பழைய எரிபொருளில் 5 சதவீதம் மட்டும் மாற்றுங்கள். புகையில் ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் நிலையாக நின்றபின் கூட்டலாம். ஒவ்வொரு தொகுதியிலும் பத்து இடங்களில் அள்ளி, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மாதிரியைச் சுருக்குங்கள். அதில் ஒரு பாதி ஆய்வகத்துக்கு. மறுபாதி தேதியோடு, காற்றுப் புகாத டப்பாவில், அந்தத் தொகுதி எரிந்து முடியும்வரை இருக்கட்டும்.