செடி வாங்கும் முன் சன்னலைப் பார்க்க வேண்டும்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஆதம்பாக்கத்தில் இரண்டாவது மாடி வீட்டிற்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே, சாலையோர நர்சரி ஒன்றிலிருந்து ஏழு செடிகளை வாங்கி வந்தேன். இலையின் நிறமும் வடிவமும் மட்டுமே அன்று என் கண்ணில் பட்டன. ஆறு மாதங்களில், சமையலறைச் சன்னலோரம் ஒரு பாட்டில் தண்ணீரில் வைத்திருந்த மணி பிளான்ட்டைத் தவிர மற்ற ஆறும் போய்விட்டன. அவற்றில் எதுவும் நோயுள்ள செடி அல்ல. எங்கள் வீட்டின் வெளிச்சத்திற்கும் நாங்கள் வாழும் முறைக்கும் அவை பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு ஓராண்டு எதுவும் வாங்காமல் வீட்டை மட்டும் கவனித்தேன். அந்தக் கவனிப்பில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். வீட்டுச் செடிகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் தெற்குச் சன்னலுக்கே அதிக வெயில் கிடைக்கும் என்று சொல்கின்றன. லண்டனுக்கோ நியூயார்க்கிற்கோ அது பொருந்தலாம், சென்னைக்குப் பொருந்தாது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில்கூட எங்கள் தெற்குச் சன்னலில் உச்சிவெயில் கம்பியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அதே சன்னல் வழியாக மார்கழியிலும் தையிலும் வெயில் சாய்வாக நுழைந்து, கூடத்தின் நடுவே கிடக்கும் ஊஞ்சல் பலகையின் விளிம்பு வரை வருகிறது. ஒரே இடம், ஆறு மாத இடைவெளியில் இரு வேறு இடங்களாகிவிடுகிறது. மேற்குச் சன்னலின் குணமோ வேறு. சித்திரையில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் வெயில் மாலை வரை அந்தக் கண்ணாடியில் நின்று எரிக்கிறது. அங்கே வைத்த பீஸ் லில்லியின் இலைகளில் ஒரே வாரத்தில் வைக்கோல் நிறத் திட்டுகள் விழுந்தன. தொட்டால் அப்பளம் போல நொறுங்கின.

வெளிச்சத்தை அளப்பதில் நம் கண்ணை நம்ப முடியாது, ஏனெனில் அது மங்கலுக்கும் பிரகாசத்திற்கும் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. உச்சிவெயிலில் திறந்த வெளியில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும் ஒளி, சன்னலிலிருந்து சில அடிகள் உள்ளே வந்தாலே நூறு, இருநூறு என்று இறங்கிவிடும். நமக்கோ இரண்டுமே பகல் வெளிச்சமாகத்தான் தெரிகின்றன. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒளிமானிச் செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும், ஓர் இடத்தை இன்னோர் இடத்துடன் ஒப்பிட அவை போதும். எங்கள் தெற்குச் சன்னல் திண்டில் 1,800 காட்டிய செயலி, சோபாவிற்குப் பின்னால் உள்ள மூலையில் 90 காட்டியது. செயலி இல்லாதவர்கள், நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பார்க்கலாம். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் அங்கே பெரும்பாலான இலைச்செடிகள் வளரும். கலங்கிய நிழலாக இருந்தால் மணி பிளான்ட், அக்லோனிமா, ஜீஜீ பிளான்ட் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிழலே விழாத இடத்தில் எந்தச் செடியையும் வைக்கக் கூடாது. நிழலைத் தாங்கும் செடி நிழலை விரும்பும் செடி அல்ல. அது தன் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டு மெதுவாக இளைக்கிறது. சோபாவின் பின்னால் இருக்கும் அந்த மூலையை அதனால் வெறுமையாகவே விட்டுவிட்டோம். துளசியையும் வீட்டிற்குள் வைக்க விரும்பும் நண்பர்கள் பலர் உண்டு. நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேரடி வெயில் பெறாத துளசி தண்டு நீண்டு, இலை சிறுத்து, வெளிறிப்போகும். அதற்குப் பால்கனியோ மொட்டைமாடியோதான் இடம்.

வெளிச்சத்தை விடவும் எனக்குப் புரிய நாளானது, தண்ணீர் ஊற்றும் கையைப் பற்றித்தான். எங்கள் வீட்டில் அது அம்மாவின் கை. விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டு முடித்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவருடைய அறுபது ஆண்டு வழக்கம். ஊர் வீட்டின் கொல்லையில் கனகாம்பரமும் செம்பருத்தியும் தரையில் நின்றன. எவ்வளவு ஊற்றினாலும் மண் வாங்கிக்கொண்டது. பிளாஸ்டிக் தொட்டியில் நின்ற பாம்புச்செடிக்கு அந்த வசதி இல்லை. நம் ஊர் மருளுக்கு உறவான அது, தடித்த இலைகளிலேயே நீரைச் சேமித்துக்கொண்டு வறண்ட நிலத்தில் வாழப் பழகியது. ஒருநாள் அதன் ஓர் இலை சாய்ந்திருப்பதைக் கண்டு நிமிர்த்தப் பிடித்தேன். இலை கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பாகக் குழைந்து, தேங்கிய சாக்கடையின் வாடையடித்தது. மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றை வைத்தே வேர் சுவாசிக்கிறது. அந்த இடைவெளிகளில் எப்போதும் தண்ணீர் நிற்குமானால் வேர் மூச்சுத்திணறி அழுகும். வாடிய செடியைக் கண்டு நாம் மேலும் ஊற்றுவதால் அழுகல் இன்னும் விரைகிறது.

அம்மாவிடம் ஊற்ற வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அரைமணி நேரம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். எனவே செடிகளை மாற்றினேன். ஈரத்தை விரும்பும் பீஸ் லில்லியும் சிங்கோனியமும் வந்தன. பிளாஸ்டிக்கிற்குப் பதிலாக, பக்கச் சுவர் வழியாகவும் ஈரத்தை வெளியேற்றும் சுட்ட மண்தொட்டிகளை வாங்கினேன். செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவை அளவாகவும் ஆற்றுமணலைச் சற்றுத் தாராளமாகவும் கலந்து நிரப்பினேன். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அம்மாவின் தினசரி நீரை அவை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மாதத்தில் பாதி நாள் வெளியூர்ப் பயணத்தில் இருக்கும் என் தங்கைக்கோ நேர்மாறான செடி தேவைப்பட்டது. அவள் வீட்டில் இருப்பது ஜீஜீ பிளான்ட். கிழங்கு போன்ற தடித்த அடித்தண்டில் நீரைச் சேமிக்கும் அது, மூன்று வாரம் கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் பளபளப்புக் குறையாமல் நிற்கிறது. ஆகவே செடி கேட்டு வரும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை அவர்களால் முடியும் என்பதைத்தான்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் படிவதும், ஸ்பைடர் பிளான்ட்டின் இலைநுனி கருகுவதும் அதன் அடையாளங்கள். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால், சிக்கனம் கருதி அதைத் தொட்டிக்கு ஊற்றுவது தவறு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கோடையில் நாங்கள் அதையே வாளியில் பிடித்து ஊற்றுகிறோம். தொட்டியின் அடித்தட்டிலும் மணி பிளான்ட் பாட்டிலிலும் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை தவறாமல் கொட்டி மாற்ற வேண்டும்; டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறிய தேக்கமே போதும்.

தவழும் குழந்தையோ பூனையோ நாயோ உள்ள வீட்டில் டிஃபன்பாக்கியாவை வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் இலையைக் கடித்தால், ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயிலும் தொண்டையிலும் தைத்து வீக்கத்தை உண்டாக்கும். மணி பிளான்ட்டிலும் பீஸ் லில்லியிலும் இதே படிகங்கள் உண்டு, ஆகையால் அவை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அரிக்கா பாமும் ஸ்பைடர் பிளான்ட்டும் இந்த அச்சம் இல்லாதவை.

காற்றைச் சுத்தம் செய்யும் செடி என்று பலகை மாட்டி விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் கூற்றின் வேர் 1989-இல் வெளியான நாசாவின் ஆய்வில் இருக்கிறது. ஆனால் அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்ட சோதனை. அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரையொன்று, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. காற்றுக்குச் சன்னலைத் திறந்தால் போதும். செடியை, அதைப் பார்ப்பதில் நமக்குக் கிடைக்கும் நிறைவுக்காக வாங்குவோம்.

நர்சரியில் இப்போது நான் பூவைப் பார்ப்பதில்லை. இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் திருப்பிப் பார்க்கிறேன். அங்கே பஞ்சுத் துணுக்குப் போல் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. இந்தச் செடி நிழல்வலையின் கீழ் நின்றதா, திறந்த வெயிலில் நின்றதா என்று விற்பவரிடம் கேட்கிறேன். பெரும்பாலும் அவர் பொறுமையாகவே பதில் சொல்கிறார். வீட்டிற்கு வந்த செடியை இரண்டு வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்து, மண்ணையும் தொட்டியையும் மாற்றாமல், பழைய இலைகள் ஒன்றிரண்டு உதிர்வதைப் பொறுத்துக்கொண்டு, புதுத்தளிர் விடுகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.