நாற்பது கன்ட்ரோல் இசட்

ஜூன் 9, திங்கள்

வீட்டு வரைபடம் போடும் எங்கள் மென்பொருளுக்கு ஒரு புகார். சுவரை இழுத்து வைத்துவிட்டு அண்டூ (செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட்) கொடுத்தால் துளித்துளியாகத்தான் திரும்புகிறதாம். எண்ணிப் பார்த்தேன், நாற்பது கன்ட்ரோல் இசட். மவுஸ் அசையும்போதெல்லாம் ஸ்டாக்கில், அதாவது செய்த மாற்றங்களை அடுக்கி வைக்கும் இடத்தில், ஒரு கமாண்டை (ஒரு மாற்றத்தின் பதிவை) தள்ளியிருக்கிறோம்.

ஜூன் 10, செவ்வாய்

நாங்கள் பயன்படுத்தும் கியூட்டி (Qt) என்ற நிரல் நூலகத்திலேயே இதற்கு வழி உண்டு. இரண்டு கமாண்டுக்கும் ஒரே ஐடி (அடையாள எண்) இருந்தால், மேலே இருப்பதன் மெர்ஜ்வித்தை, அதாவது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் செயல்பாட்டை, ஸ்டாக் கூப்பிடும். நாம் ஐடி தராவிட்டால் அது -1, சேர்ப்பு கிடையாது. கொடுத்தேன். பழைய கமாண்டின் தொடக்க இடம், புதியதன் முடிவு இடம், அவ்வளவுதான். நாற்பது ஒன்றானது.

மதியம் டெஸ்டிங் பார்க்கும் மதுரைத் தம்பி வந்தான். "அண்ணே, டீ குடிச்சுட்டு வந்து இழுத்ததும் பழசோட ஒட்டிக்குது." சரி, மவுஸை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புது எண். சுவரும் எண்ணும் ஒத்தால்தான் சேர்ப்பு.

ஜூன் 12, வியாழன்

சுவர் வரை, நகர்த்து, இரண்டு அண்டூ, இரண்டு ரீடூ (அண்டூ செய்ததை மறுபடி கொண்டுவருவது). கிராஷ்.

வரையும் கமாண்ட் தன் அண்டூவில் சுவரை டெலீட் செய்கிறது, ரீடூவில் புதுச் சுவரை உண்டாக்குகிறது. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் நகர்த்தும் கமாண்ட் பிடித்திருப்பது செத்துப்போன சுவரின் பாயிண்டரை, அதாவது நினைவகத்தில் அது இருந்த முகவரியை. ஒருவர் அரை நாள் உட்கார்ந்து வரைந்த வீடு இப்படிப் போனால் அப்புறம் அண்டூவைத் தொடவே பயப்படுவார். அதை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஒயிட்ஃபீல்டிலிருந்து அல்சூர் வரை பெங்களூரு மெட்ரோவில் நின்றபடி இதே யோசனை. அண்டூ சுவரை அழிக்கவே கூடாது. வரைபடத்திலிருந்து எடுத்துத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

அப்படியானால் எப்போதுதான் டெலீட் செய்வது? அண்டூவுக்குப் பின் புதிதாக ஏதாவது வரைந்தால், ரீடூ பக்கம் மிஞ்சிய கமாண்டுகளை ஸ்டாக்கே அழித்துவிடும். அந்த நேரத்தில், சுவரைக் கையில் வைத்திருக்கும் கமாண்ட் மட்டும் அதை டெலீட் செய்யட்டும். சுவர் வரைபடத்தில் இல்லை என்பதை மட்டும் பார்த்தால் போதாது. வரைந்த கமாண்டும் நீக்கிய கமாண்டும் ஒரே சுவரை இரண்டு தடவை டெலீட் செய்துவிடும். காலையில் நானே அப்படித்தான் எழுதியிருந்தேன்.

மாலையில் வரைதல், நகர்த்தல், நீக்கல் என 200 கமாண்டுகளைக் கலந்து தள்ளி, அடிவரை அண்டூ, உச்சிவரை ரீடூ. முன்னும் பின்னும் சேமித்த கோப்புகள் அச்சாக ஒன்றே. தம்பி கை கொடுத்தான்.

திங்களன்று செட்கிளீன், அதாவது 'இதுதான் சேமித்த நிலை' என்று ஸ்டாக்கிடம் சொல்லும் வேலை. சேமித்த நிலைக்கே அண்டூவில் திரும்பி வந்தாலும் தலைப்பில், சேமிக்காத மாற்றம் உண்டு என்று காட்டும் நட்சத்திரக்குறி போகவில்லை.