சரி தம்பி

"அண்ணே, சிலந்தி சாப்பிட்டுச்சா?"

"இல்லப்பா. சுவர்க்கோழிப் பூச்சியை உள்ளேயே விட்டிருக்கேன். பசிச்சா பிடிச்சுக்கும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அதை எடுத்து வெளியே விட்டுருங்கண்ணே" என்றான்.

"சரி தம்பி" என்றேன்.

அந்தச் 'சரி'யை எட்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொய்யாகச் சொல்லவில்லை, எடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் போனை வைத்ததும் சென்னை வண்டி வந்துவிட்டது. எடை போட்டு, கொடுக்குக் கட்டு பார்த்து, ஈரச் சாக்கு போட்டு அனுப்ப வேண்டிய நண்டு அறுபது கிலோ. ஆள் நாங்கள் இரண்டே பேர். வழியில் செத்த நண்டுக்கு விலை கிடையாது. வண்டி கிளம்பும்போது மணி பத்தரை. ஆபீஸ் அறை விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

அது டரான்டுலா, பெரிய சிலந்தி. சிலி ரோஸ் வகை என்பான். வீட்டில் அம்மா விடவில்லை என்று, நாங்கள் வேலை பார்க்கும் நண்டுப் பண்ணையிலேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தான். முதலில் பார்த்தபோது, ராமேஸ்வரம் பக்கம் புளியமரத்தில் பிடித்து வந்துவிட்டானோ என்று பதறிப்போனேன். அங்கே ஒரு தனி இனம் இருக்கிறது. 2004-ல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள், பெயரிலேயே அனுமார் இருக்கிறார். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர் அது. "அதை நான் தொடவே மாட்டேண்ணே, இது சென்னையில வாங்கினது" என்றான். அன்றைக்கே அவன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அக்கா வளைகாப்புக்கு நாலு நாள் ஊருக்குப் போனான். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பி வைக்கச் சொன்னான். இரை போடச் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன். மூன்று வாரமாக எதையும் தொடவில்லை என்று தெரியும், பட்டினி கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கறுத்திருந்தது. தரையில் பாய் விரித்த மாதிரி வலை பின்னியிருந்தது. இரண்டையும் பார்த்தேன். தோல் உரிக்கப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதை எழுதும்போதே கை நின்றுவிடுகிறது. பதினோரு வருடமாக நான் பார்க்கும் வேலை என்ன? ஓடு இறுகாத தண்ணி நண்டை வாங்கி ஓடு இறுகும்வரை வளர்ப்பது. ஓடு கழற்றிய நண்டைப் பக்கத்து நண்டு விட்டுவைக்காது என்றுதானே ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் போடுகிறோம். உரிக்கப் போகிற நண்டு இரை எடுக்காது, உரித்த நண்டு விரல் பட்டாலே அமுங்கும். புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவன் நான். அந்தத் தம்பிக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நண்டு, சிலந்தி இரண்டும் கணுக்காலிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்கு ஏன் உறைக்கவில்லை? நண்டை நண்டு தின்னும், அது தெரியும். இரையாகப் போட்ட பூச்சியே திரும்பிக் கடிக்கும் என்று நினைக்கத் தோன்றவில்லை.

காலையில் போய்ப் பார்த்தபோது உரித்து முடித்திருந்தது. பழைய தோல் ஒரு பக்கம், கால், நச்சுப்பல் எல்லாவற்றோடும் முழு உருவமாகக் கிடந்தது. பக்கத்தில் புதுசு, பல் வெள்ளை வெளேரென்று. வயிற்றோரத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. சுவர்க்கோழி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. எடுத்து எறிந்தேன். மதியத்துக்குள் எட்டுக் காலும் உள்பக்கம் மடங்கிவிட்டன. உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தத்தில்தான் சிலந்தி காலை நீட்டும், அது வடிந்தால் மடங்கிவிடும் என்று அப்புறம் அவன்தான் சொன்னான்.

திட்டவில்லை. "உரிக்கும்போதே கிழிஞ்சிருக்கலாம்ணே, அப்படியும் நடக்கும்" என்றான். சில நாள் இதைப் பிடித்துக்கொள்கிறேன். பூச்சி கடித்ததை நான் பார்க்கவில்லைதானே. சில நாள், என் முகத்தைப் பார்க்காமல் அவன் அதைச் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது. ஏன் எடுக்க வேண்டும் என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிப்போய் எடுத்திருப்பேன் என்றும் நினைத்துக்கொள்வேன். வண்டி நிற்கும்போது ஓடியிருப்பேனா? தெரியவில்லை. இப்போது யாருக்கு எந்த வேலை சொன்னாலும் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அன்று எனக்குக் குறைந்தது காரணமா, இரண்டு நிமிஷமா?

மறுநாள் பழைய தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் மெல்லப் பிரித்து, லென்ஸ் வைத்து அடிவயிற்றுப் பக்கம் பார்த்தான். ஆணா பெண்ணா என்று அதில்தான் தெரியுமாம். இந்தத் தோலுக்காகத்தான் மாதக்கணக்கில் காத்திருந்தான். ஆண் என்றால் வயதுக்கு வந்தபின் அதிக நாள் இருக்காது, பெண் என்றால் இருபது வருடம்கூட இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தான்.

"பெண்ணுண்ணே" என்றான்.

தோலை ஒரு டப்பாவில் வைத்து மூடினான். "இன்னைக்கு வண்டி எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டான்.